அனுதாபப் பேனரில் அம்மாவின் பெயர்

என் கணினியில் 'அம்மா' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. திறந்தால் எட்டடிக்கு நாலடி பேனர் ஒன்று வரும். வலப்பக்கம் கைகூப்பி நிற்பவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அவர் பெயர் நூற்றெண்பது எழுத்தளவில், சிவப்பில், வெள்ளை அவுட்லைனோடு இருக்கும். இடப்பக்க மூலையில் தபால் முத்திரை அளவுக்கு அம்மாவின் படம். அதற்குக் கீழே முப்பது அளவில் அவள் பெயர். அவுட்லைன் இல்லை, நிழல் இல்லை.

அதைச் செய்தவன் நான்தான். அப்போது ஓப்பநாயக்க டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டத்தில் யார் இறந்தாலும் தலைவர் அனுதாபப் பேனர் கட்டுவார். அம்மா இறந்த மறுநாள் காலை, சாவு வீட்டிலிருந்து என்னையே கூட்டிவந்து கணினி முன் உட்காரவைத்தார். நான் அம்மாவின் பெயரை மேலே, நடுவில், தொண்ணூறில் வைத்தேன். எழுத்துகளுக்கிடையே கொஞ்சம் இடம் விட்டு, மெல்லிய அவுட்லைனும் கொடுத்தேன்.

"அத சின்னதாக்கு தம்பி. நம்ம பேர லொக்குவா போடு," என்றார். பெரியது என்பதற்கு அவர் வாயில் சிங்களச் சொல்தான் வரும்.

அறுபதாக்கினேன். "இன்னும்." நாற்பத்தைந்து. "இன்னும் கொறப்பா. செத்தது யாருன்னு தோட்டத்துக்கே தெரியும். பேனர் கட்டுனது யாருன்னுதானே தெரியணும்?" சொல்லிவிட்டுச் சிரித்தார். ஸ்டூடியோ முதலாளியும் சேர்ந்து சிரித்தார். தங்கைக்குத் தோட்ட வேலையில் பேர் பதிய, தலைவர்தான் தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேச வேண்டியிருந்தது. முப்பதில் நிறுத்தினேன்.

கொடகவெலயிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய சித்தப்பா, பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, தலைவருமா தவறிட்டாரு?" என்று கேட்டார். அன்றைய டயரியில் நான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன: 90, 60, 45, 30.

இப்போது அந்த ஸ்டூடியோ என்னுடையது. போன மாதம் தலைவர் இறந்துபோனார். அடுத்த தலைவராகிவிட்ட அவர் மகன் வந்தான். "அண்ணே, அப்பாவுக்கு ஒரு பேனர். என் போட்டோவும் வரணும்."

புதிதாக நான் எதையும் வடிவமைக்கவில்லை. 'அம்மா'வைத் திறந்தேன். படங்களை மாற்றினேன். தலைவர் பெயர் இருந்த இடத்தில் மகன் பெயர், அம்மா பெயர் இருந்த இடத்தில் தலைவர் பெயர். அவள் பெயரை அழிக்கும்போது மட்டும் விரல் ஒரு நொடி நின்றது. எழுத்து அளவைத் தொடவேயில்லை.

"அப்பா பேரு ரொம்பச் சின்னதா இருக்கோண்ணே?"

"செத்தது யாருன்னு தோட்டத்துக்கே தெரியும் தம்பி. பேனர் கட்டுனது யாருன்னுதானே தெரியணும்?"

அவன் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுவும் சரிதாண்ணே. அப்ப எம்பேர இன்னும் கொஞ்சம் லொக்குவாக்குங்களேன்."

இருநூறாக்கினேன்.

சாவுக்குப் போனேன். பேனருக்குக் கீழேயே நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, மகனா போயிட்டான்?" என்றார். "கிட்டப் போய்ப் படிங்கம்மா," என்றேன். மனம் நிறைந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பேனரை அச்சுக்கு அனுப்பிவிட்டு ஃபைலை மூடியபோது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றேன். இன்று திறந்து பார்த்தேன். அம்மாவின் பெயர் அதே மூலையில், அதே முப்பதில் இருக்கிறது. ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் பேனர் முழுக்க அவள் பெயராகிவிடும். இழுக்கவில்லை. பெரிதாக்கிவிட்டால் என் கோபம் ஆறிவிடும்.