ஏழு பேரும் ஒல்லி டயரும்

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம், என் பழைய காருக்குப் பெரிய ரிம்மும் ஒல்லி டயரும் மாட்டினேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நாலு பேர் முன்னால் பேச்சு வராது. எனக்குப் பதிலாகக் கார் பேசட்டும் என்று நினைத்தேன்.

டயர் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணே, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல ரப்பர் உயரமா இருந்தாத்தேன் குழியில அமுங்கி எந்திரிக்கும். இது அப்பளம் கணக்கா இருக்கு. காத்தும் கொஞ்சந்தேன் பிடிக்கும். அஞ்சு பேருக்கு மேல ஏத்தாதீக."

ஞாயிற்றுக்கிழமை திருநகரிலிருந்து அப்பா, அம்மா, அத்தை, அக்கா, மச்சான், நான் என்று ஆறு பேர் கிளம்பினோம். "ரெட்டைப் படையில போகக்கூடாது" என்றாள் அம்மா. தெருமுனையில் பெரிய மாமா கிடைத்தார். மாமா ஒருவரே இரண்டு ஆள்.

உசிலம்பட்டி சாலையில் முதல் குழியில் கார் அமுங்கவில்லை, எங்கள் முதுகெலும்புதான் அமுங்கியது. அடுத்த குழியில் மாமா உட்கார்ந்திருந்த பக்கம் டொப்பென்றது. பின் டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் கிழிசல்.

டிக்கியில் கிடந்த பழைய டயரை மாட்டினோம். மற்ற மூன்றும் ஒல்லிதான். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் பேசி முடிக்காவிட்டால் அம்மா இந்த இடத்தையே வேண்டாம் என்றுவிடுவாள். எனக்கோ போட்டோவில் பார்த்த முகத்தை விட மனமில்லை.

"மாமா இறங்கட்டும்" என்றார் மச்சான்.

"அப்ப ஆறாயிருமே!" என்றாள் அம்மா.

"நானும் இறங்குறேன்" என்றேன்.

"மாப்பிள்ளை இல்லாம என்னத்தடா பொண்ணு பாக்க?"

"அவுகதேன் என் போட்டாவைப் பாத்துட்டாகளே. நீங்க போங்க, பின்னால வாரேன்."

மச்சான் ஓட்ட, ஐந்து பேராகப் போனார்கள். அரை மணியில் பெண்ணின் அப்பா டிராக்டரோடு வந்தார். பின் டயர் என் நெஞ்சு உயரம். குழியையெல்லாம் விழுங்கிக்கொண்டே போனது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த மாமா, "மாப்ள, பேசாம இதுலயே வந்திருக்கலாம்டா" என்றார்.

நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். காபி கொண்டுவந்த பெண் என்னிடமே கேட்டாள்: "காருக்கு எதுக்கு அம்புட்டு ஒல்லியா டயரு?"

எனக்கு எங்கிருந்துதான் பேச்சு வந்ததோ! ரப்பர் உயரம் குறைந்தால் வளைவில் வண்டி ஆடாது, பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் குழியின் அடியை ரிம் வாங்கும், பாரம் தாங்காது, சீக்கிரம் கிழியும் என்று விடாமல் சொன்னேன். அம்மா தொடையைக் கிள்ளினாள். "மணி நாலு இருவத்தஞ்சுடா! பிடிச்சிருக்கா, அதைச் சொல்லு."

என் வாய் மறுபடி மூடிக்கொண்டது. அவள்தான் சொன்னாள்:

"நிச்சயத்துக்கு வாரப்ப பழைய டயரையே மாட்டிட்டு வாங்க. எங்க ரோடு அப்படியேதேன் இருக்கும்."