வீட்டில் பாடம் கேட்பவர்

தந்தவனும் அவனே, திரும்ப அழைத்துக்கொண்டவனும் அவனே. புகழ் அவனுக்கே உரியது.

எங்கள் வீட்டில் ஆண்டு நினைவு வைக்கும் வழக்கம் கிடையாது. ஒரு சிறு நினைவு மலராவது அச்சிடலாமா என்று கேட்டபோது அத்தா, என் அப்பா, முகத்தைச் சுளித்தார்கள். "போட்டோ போடாத. கவிதை எழுதாத. நடந்தத மட்டும் எழுது" என்றார்கள். அம்மாவைப் பற்றி நடந்ததை மட்டும் எழுதினாலும் அது புகழ்ச்சியாகத்தான் வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

அம்மா பிறந்தது திட்டக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊரில் முஸ்லிம் வீடு இரண்டே இரண்டு. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஆளில்லை. தொழுகைக்கு வேண்டிய சின்ன சூராக்களை, குர்ஆன் அத்தியாயங்களை, காதால் கேட்டுப் படித்ததோடு சரி, அரபி எழுத்தைப் பார்த்து ஓத அவர்களுக்குத் தெரியாது. திருமணமாகிக் கடலூர் முதுநகருக்கு வந்த முதல் ரமலானில், தெருப் பெண்கள் கூடி ஆளுக்கொரு பாகமாகக் குர்ஆனை ஓதி முடிக்க உட்கார்ந்தார்களாம். முப்பது பாகத்தில் ஒன்று அம்மாவின் கைக்கும் வந்தது. புது மருமகள் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார். ஓதத் தெரியாதா என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கூட்டத்துக்கே கேட்டுவிட்டது. அந்த அவமானம் அம்மாவை விட்டுப் போகவே இல்லை. தனக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்காத குர்ஆன், தன் மகளுக்கு முழுதாகக் கிடைக்க வேண்டும் என்று அன்றே நினைத்துக்கொண்டார்களாம். நான் அப்போது பிறக்கவே இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது, சிதம்பரத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஹிஃப்ழு வகுப்பு, அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்யும் வகுப்பு, நடப்பதாக அம்மா கேள்விப்பட்டார்கள். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த அத்தாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. சின்னப் பெண்ணைத் தினமும் ரயிலில் இழுத்துக்கொண்டு அலைவதா, ஸ்கூல் படிப்பு என்ன ஆவது என்று கேட்டார்கள். அம்மா அதற்குள் சிதம்பரத்தில் ஒரு தையல் கடையில் தனக்கு வேலையும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடமும் பேசி முடித்திருந்தார்கள். அனுமதி கேட்பது என்றால் அம்மாவுக்கு அவ்வளவுதான். கடைசியில் அத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "மதரசாவுல வேணாம்னு ஒரு வார்த்த சொன்னாலும் அன்னைக்கே நிறுத்திப்புடணும்" என்றார்கள். அம்மா சரி என்றார்கள்.

சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரி, 'வீட்டில் பாடம் கேட்பவர் பெயர்' என்றிருந்தது. பிள்ளை ஒப்பிக்கும்போது குர்ஆனைப் பார்த்துத் தவறு திருத்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்கள். அம்மா கொஞ்சமும் தயங்காமல் தன் பெயரை எழுதினார்கள். எனக்குத் தெரிந்து அம்மா சொன்ன ஒரே பொய் அது.

அந்தப் பொய்யை உண்மையாக்க அவர்களுக்கு நாலைந்து மாதம் பிடித்தது. பிஸ்கட் கலர் அட்டை போட்ட அரபி அரிச்சுவடி ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். காலை ரயிலில் நான் ஒப்பிப்பேன், மாலை ரயிலில் அவர்கள் எனக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவார்கள். ஒளு செய்யாமல், அதாவது கை, முகம், கால் கழுவாமல், குர்ஆனைத் தொட மாட்டார்கள் என்பதால் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கும். சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போகும் செல்வி அக்கா எங்களுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். யாராவது சத்தமாகப் போனில் வீடியோ பார்த்தால், "பாப்பா பாடம் சொல்லுது, கொஞ்சம் கொறைச்சு வைங்க" என்பார். பெட்டியே அடங்கும்.

இரண்டு வருடத்தில் முப்பது பாகத்தில் பத்தை, பத்து ஜுஸ்வு, முடித்தேன். ரயிலில் பிரித்துப் பிரித்து என் குர்ஆன் அட்டை கழன்று, தாள் தாளாக வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் மக்காவுக்கு உம்ரா போய் வந்த மாமா, அம்மாவின் அண்ணன், தங்க ஓரம் வைத்த அழகான குர்ஆன் ஒன்றை எனக்குக் கொண்டு வந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. புதியதை என் கையில் கொடுத்து, பழையதைப் பள்ளிவாசலில் கிழிந்த குர்ஆன் போடும் பெட்டியில் மரியாதையாகச் சேர்த்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் தடுமாற ஆரம்பித்தேன். தண்ணீர்பட்ட பாடமாக இருந்த இடங்களில்கூட நின்றேன். ஒரு சூராவில் தொடங்கி இன்னொன்றில் போய் முடித்தேன். மதரசாவில் பாடம் நடத்திய ஆலிமா முதலில் கண்டித்தார், பிறகு அம்மாவை அழைத்துப் பேசினார். ஒரு மாதம் பார்ப்பதாகவும், சரியாகாவிட்டால் மனப்பாடத்தை விட்டுவிட்டுப் பார்த்து ஓதினால் போதும் என்றும் சொன்னார். அத்தாவின் நிபந்தனைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். நான் அழுதேன். அம்மா அழவில்லை.

காரணத்தை ஊரில் எந்த ஆலிமும் கண்டுபிடிக்கவில்லை, எழுத்துக்கூட்டி ஓதிய அம்மாதான் கண்டுபிடித்தார்கள். மறுநாள் காலை நான் ஒப்பிக்க, புதிய குர்ஆனில் விரல் வைத்துத் தொடர்ந்த அம்மா திடீரென்று நிறுத்தினார்கள். "ஏம்மா, எனக்கே எடம் தெரியலியே. இந்த ஆயத்து எடது பக்கம் அடியில்ல இருக்கும்?" என்றார்கள். என் மனத்திலும் அந்த வசனம் அங்கேதான் இருந்தது. மனப்பாடம் செய்கிறவர்கள் வார்த்தையை மட்டும் மனத்தில் வைப்பதில்லை. எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று தாளையே கண்ணுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். மாமா கொடுத்தது வேறு அச்சு, பக்கமும் வரியும் வேறு. நன்றாக ஓதத் தெரிந்தவராக இருந்திருந்தால் அம்மா எந்த அச்சிலும் சரளமாகத் தொடர்ந்திருப்பார்கள், இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். "தப்பு ஒம்மேல இல்ல, எம்மேல" என்றார்கள் என்னிடம்.

அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெட்டியில் இருந்ததெல்லாம் சாக்கில் கட்டப்பட்டு, புதைப்பதற்காக கபுருஸ்தான், அதாவது அடக்கத்தலக் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு ஒன்றும் புரியவில்லை. அதே அச்சில் புதிதாக ஒன்று வாங்கினால் ஆயிற்றே என்றார்.

"வாங்கலாம் மாமா. ஆலிமா போட்ட பென்சில் கோடு அதுல இருக்காதே" என்றார்கள் அம்மா. நான் நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஆலிமா பென்சிலால் சின்னக் கோடு போட்டிருந்தார். இரண்டு வருடத் தவறுகளும் அந்தக் குர்ஆனில்தான் இருந்தன.

மோதினார் சாக்கைப் பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது சாக்கில், மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், ரயிலில் தண்ணீர் கொட்டிக் கறையான முதல் தாள் கிடைத்தது. மீதியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். வீட்டுக்கு வந்து ஊசிநூலால் தைத்து, யூனிபார்ம் துணியில் அட்டை போட்டார்கள். நாலு தாள்தான் குறைந்தது. அந்த மாதக் கடைசியில் ஆலிமா பத்து ஜுஸ்வையும் ஒரே நாளில் கேட்டார். எங்கும் நிற்காமல் ஒப்பித்தேன்.

பதின்மூன்று வயதில் முப்பதையும் முடித்தேன். சிதம்பரத்து மண்டபத்தில் கடைசி சூராவை ஓதியபோது, ஆண்கள் பக்கம் இருந்த அத்தா தேம்பியது மைக்கில் கேட்டது. ஸ்கூல் படிப்பும் கெடவில்லை, இன்று நான் பள்ளி ஆசிரியை.

விழா முடிந்த அடுத்த வாரமே அம்மா மறுபடி மதரசாவுக்குப் போய்ப் படிவம் கேட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு என்று ஆலிமா கேட்டிருக்கிறார். "எனக்குத்தான்" என்றார்களாம்.

தையல் கடை, சமையல், என் கல்யாணம் எல்லாவற்றுக்கும் நடுவே பதினோரு ஜுஸ்வு முடித்தார்கள். பன்னிரண்டாவதில் இருந்தபோது சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் கட்டிலில் நாலு மணி நேரம் படுத்திருக்கும்போதும், "சும்மாதான கெடக்குறேன்" என்று பாடம் செய்தார்கள். மருந்து மயக்கத்தில் ஒரு பக்கம் பல வாரம் பிடித்தது. பரவாயில்லை, விட்டுப் பிடிக்கலாம் என்று ஆலிமா சொன்னதற்கு அம்மா கோபித்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு நாள் பிற்பகல், ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஆலிமாவிடம் அந்தப் பக்கத்தை ஒப்பித்தார்கள். கட்டிலருகே நான் குர்ஆனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா ஓரிடத்திலும் நிற்கவில்லை. நாளைக்கு அடுத்த பக்கம் என்றார் ஆலிமா. அம்மா அதை நர்ஸிடம் சொன்னார்கள், பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சொன்னார்கள், பிறகு அத்தாவுக்குப் போன் போட்டார்கள். "ஏங்க, ஒரு தப்புகூட இல்லங்க. நாளைக்கு அடுத்த பக்கமாம்" என்றார்கள். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் அம்மா போய்விட்டார்கள்.

ஜன்னலோரம் இடம் பிடித்த செல்வி அக்காவுக்கும், சாக்கைப் பிரித்த மோதினார் மாமாவுக்கும், ஆலிமாவுக்கும், டயாலிசிஸ் செவிலியர்களுக்கும், அன்பளிப்பால் எங்களைச் சோதித்த மாமாவுக்கும், முணுமுணுத்துக்கொண்டே ஐந்து வருடம் எங்களை ஸ்டேஷனில் கொண்டுவிட்ட அத்தாவுக்கும் எங்கள் நன்றி.

இதை வாசிப்பவர்கள் அம்மாவுக்காக துஆ, பிரார்த்தனை, செய்யுங்கள். பாவம் என்று செய்ய வேண்டாம். பரீட்சையில் தேறியவருக்குச் செய்வது போலச் செய்யுங்கள்.