ரெண்டு ஒத்த ஆள்

காலை ஆறு இருபது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. தென்காசி ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் வீடு தேடி நடந்துகொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு தகரப் பலகை: "மாடி வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்." ஒரு கேட்டில் கம்பியால் கட்டியிருந்தார்கள். பத்திரிகைப் பழக்கத்தில் அடியில் இருந்த போன் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகுதான் கேட்டைப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட். மேல் கீல் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் நான் தூக்கித் தூக்கித் திறந்த கேட் அது.

தனியாக இருப்பவர்கள் வீடு தேடினால் ஒரு வினோதம் தெரியவரும். ஒருவர் குடியிருந்தாலும் ஐந்து பேர் குடியிருந்தாலும் வாடகை ஒன்றுதான். ஆனால் ஐந்து பேருக்குத் தருவார்கள், ஒருவருக்குத் தரமாட்டார்கள். இதை நான் முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு நாளிதழின் தென்காசி அலுவலகத்தில் வேலை. எத்தனையோ வீடு ஏறி இறங்கி, கடைசியில் இந்தக் கேட்டைத் தட்டினேன். வந்து திறந்தவர் ரகுமத் அக்கா. கையெல்லாம் மாவு. ஊர் ராயகிரி என்றும், கல்யாணம் ஆகவில்லை என்றும் சொல்லிவிட்டு வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன்.

"அவுக சவூதில, தம்மாம்ல இருக்காக. நானும் ஒத்த ஆளுதான், நீயும் ஒத்த ஆளுதான். மேல ஏறிப்போயி ரூமப் பாரு."

கீழ்வீட்டில் மூன்று அறைகள். இரண்டைப் பூட்டியே வைத்திருந்தார். திறந்தால் கூட்ட வேண்டும், விளக்குப் போட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி ஒன்று இருந்தது. ஒருத்திக்காக அது எதற்கு ஓட வேண்டும் என்று அதற்குள் சேலைகளை மடித்து வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லை. கணவர் காதர் பாய் அங்கே ஏழு பேரோடு ஒரே அறையில் இருந்தார், முறைவைத்துச் சமைத்தார்கள். தெருவில் அதை சவூதிப் பணம் வருகிற வீடு என்றார்கள். அக்காவிடம் சொன்னால் சிரிப்பார். "புருசன் பொண்டாட்டின்னு பேருதான். செலவுன்னு பாத்தா நாங்க ரெண்டு ஒத்த ஆளு."

எங்கே தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டாலும் எனக்கு அந்த அடுப்படி ஞாபகம் வந்துவிடுகிறது. தனியாகச் சமைப்பவளுக்குத் தேங்காய் பெரிய தொந்தரவு. ஒரு மூடியைத் துருவியதுமே மறு மூடியைப் பற்றிய கவலை தொடங்கிவிடும். அக்கா படிக்கட்டடியில் நின்று, "ஏட்டி, ஒரு மூடி இருக்கு, இறங்கி வா" என்று கூப்பிடுவார். மறுமுறை நான் உடைப்பேன். எங்கள் சிநேகம் அந்த மூடிகளில் வளர்ந்தது.

ஒரு நாள் அக்கா மூடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அவுகள வந்துரச் சொல்லப்போறேன். நாப்பது தாண்டியாச்சி. இனிமே எப்ப சேந்து இருக்கது?"

காதர் பாய்க்கும் ஆசைதான். ஆனால் போனில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: இங்கே ரெண்டு பேருக்கு மாசம் என்ன ஆகும்? அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் விடுமுறைகளில் மட்டும். விடுமுறையில் யாரும் செலவு பார்ப்பதில்லை.

"நீ ஒரு மாசம் கீழ சாப்பிடு. அவுகளுக்குப் பதிலா. என்ன ஆகுதுன்னு பாத்துருவோம்" என்றார்.

"நான் அவர் அளவுக்குச் சாப்பிடுவேனாக்கா?"

"பேப்பர்காரி நீ பேசுத அளவுக்குச் சாப்பிட்டாப் போதும்."

அந்த ஒரு மாதம் நான் காதர் பாயாக இருந்தேன். அவர் தட்டு, அவர் உட்காரும் இடம். மீன் வாங்கிய நாளில் நடுத்துண்டு எனக்கு. மாதம் முடிந்ததும் அக்கா போனில் வெற்றிக்குரலில் சொன்னதை மாடியிலிருந்து கேட்டேன். "இந்தா பாருங்க, ரெண்டு ஆளுன்னு ஒண்ணும் பெருசாக் கூடல. அதே சிலிண்டரு, அதே லைட்டு. தேங்கா முந்தி ஊசிப்போகும், இப்பம் ஊசல, அம்புட்டுதான்."

நான் பகலில் கடையில் வடையும் டீயுமாகக் கழித்துவிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ராயகிரிக்குப் போய்விடுவேன். திரும்பும்போது அப்பா வயலில் விளைந்த அரிசியை ஒரு பையில் தந்துவிடுவார். அந்த மாதம் நாங்கள் பொங்கித் தின்றது அந்த அரிசிதான். இது அக்காவின் கணக்கில் வரவில்லை. அடுத்தவர் எழுதிய செய்தியில் எண்களைச் சரிபார்ப்பதற்குச் சம்பளம் வாங்கிய எனக்கும் அது தோன்றவில்லை.

மூன்று மாதத்தில் காதர் பாய் வந்துவிட்டார். பெரிய மீசை, சின்னக் குரல். "என்ன தங்கச்சி, ஒரு மாசம் எனக்குப் பதிலா நீதான் குடும்பம் நடத்தினியாமே? திட்டு வாங்கினியா?" என்று கேட்டார். பூட்டியிருந்த அறைகள் திறந்தன. சேலைகள் பீரோவுக்குப் போயின.

தென்காசிக்காரர்கள் குற்றாலத்தில் அறை எடுப்பதில்லை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பஸ் ஏறிவிடுவோம். அக்காவுக்கு ஒரு ராத்திரி அங்கே தங்க வேண்டும் என்று ஆசை. இருவரும் போய் ஒரு லாட்ஜில் அறை கேட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், நடுவயது, கையில் பை இல்லை. லாட்ஜ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அலுவலகத்தில் எனக்கு போன். "தங்கச்சி, நாங்க புருசன் பொண்டாட்டிதான்னு இவர்ட்ட ஒரு வார்த்த சொல்லும்மா." சொன்னேன். அதே லாட்ஜில் முந்தைய சீசனில் செய்தி சேகரிக்கப் போய், பஸ் தவறி, அறை கேட்டிருக்கிறேன். ஒத்த ஆளுக்கு ரூம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். ஆணாக இருந்தாலும் இதே பதில்தான் என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவர்கள் பயம் வேறு. தனியாக அறை எடுப்பவர் ராத்திரி ஏதாவது செய்துகொண்டு காலையில் கதவைத் திறக்காமல் போய்விடுவாரோ என்று.

தனியாக இருந்த காலத்தில் அக்கா கல்யாண வீடுகளுக்கு மொய்க் கவரை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். "அவுக ஊர்ல இல்ல" என்ற ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மூடிவிடும். இப்போது அவுக ஊரில் இருந்தார். பத்திரிகையோடு நேரில் வந்து இருவர் பெயரையும் சொல்லி அழைத்தார்கள். பாயின் அக்கா மகளுக்கு வளைகாப்பு, தம்பி மகனுக்குக் காலேஜ். போய் நிற்க வேண்டும். வெறுங்கையோடு நிற்க முடியாது. வீட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். ஒத்தைப் பொம்பளை இருக்கும் வீடென்று முன்பு வாசலோடு திரும்பியவர்கள் இப்போது சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட் பக்கம் ஒரு புரோட்டாக் கடையில் பாய் பங்கு சேர்ந்தார். லாரிகள் வரிசையில் நின்றால் வியாபாரம். வரிசை சீக்கிரம் நகர்ந்த நாட்களில் கல் மட்டும் காய்ந்தது. தம்மாமில் சேர்த்துக் கொண்டுவந்தது அந்தக் கல்லில் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே பேச்சு கேட்டது.

"ரெண்டு ஆளுக்குப் பெருசா ஒண்ணும் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"சாப்பிடுததுக்குச் சொன்னேன். வாழுததுக்கா சொன்னேன்?"

சற்று நேரத்தில் அக்கா அந்த இரண்டு அறைகளையும் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு மற்றது.

அடுத்த சீசன் தொடங்கும் முன்பே காதர் பாய் திரும்பப் போய்விட்டார். திருவனந்தபுரம் விமானத்துக்கு வேன் வந்தது. கேட்டைத் தூக்கித் திறந்தவர், "வந்து இந்தக் கீல மாத்தணும்" என்றார். அக்கா, "சரி" என்றார். அன்று ராத்திரி படிக்கட்டடியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, ஒரு மூடி இருக்கு."

பிறகு எனக்கு மதுரைக்கு மாறுதல். அங்கேயே வருடங்கள் ஓடிவிட்டன. நானும் ஒத்த ஆளாகவே ஐம்பதை நெருங்குகிறேன்; இப்போது மறுபடி தென்காசிக்கே மாறுதல். செங்கோட்டையில் அண்ணன் வீட்டோடு போய்விட்டதாக அக்கா ஒருமுறை போனில் சொன்னார். "ஒத்தைக்கு எதுக்குட்டி அம்புட்டுப் பெரிய வீடு? இங்கன ஒரு கட்டில் போதும்." இப்போது கடையில் தேங்காயைத் துருவிப் பொட்டலம் போட்டே விற்கிறார்கள், ஒரு ஆளுக்கு அளவாக. மறு மூடி என்ற ஒன்று யாருக்கும் மிஞ்சுவதில்லை. மாடிப்படியடியில் நின்று யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

சாரல் வலுத்தது. எதிர்க்கடை ஓரம் ஒதுங்கி, குறித்து வைத்திருந்த எண்ணை எடுத்துப் பார்த்தேன். 966 என்று தொடங்கியது. அது சவூதி எண்.