பெட்டியோடு வந்த ஆட்டம்

‘உறை பிரித்த டிஸ்க் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் ஒட்டியிருந்த தாளுக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் அந்த கேம் டிஸ்க்கை எங்கள் கடை விற்பனையாளர் திரும்ப வாங்கினார்.

ஒருவர் தன் தங்கை மகளுக்குக் கார் ஆட்டம் வாங்கிப் போயிருந்தார். அங்கே போனால், தங்கை வீட்டுக்காரர் வாங்கிய கேம் மெஷின் பெட்டிக்குள்ளேயே அதே ஆட்டம் இலவசமாக இருந்திருக்கிறது. “மச்சான் பெருசா பரிசு தூக்கிட்டு வந்தாரு. எங்களுக்குத்தான் அது ஓசியிலயே வந்துருச்சே!” என்று அந்த வீட்டுக்காரரும் கூடவே கடைக்கு வந்து சிரிக்கிறார். மாமனுக்கு முகம் சுண்டிவிட்டது.

“தப்பு என்னோடது சார். நீங்க கேட்டது கால்பந்து, நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்” என்று வேறு டிஸ்க்கை எடுத்து நீட்டினார் இவர். மாமன் கேட்டது கார் ஆட்டம்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த நான் என் காதால் கேட்டேன். பிரித்த டிஸ்க்கை இவரே விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். அந்த மனசைக் கடவுள் எல்லாருக்கும் கொடுப்பதில்லை.

கேம் அலமாரி இவர் பொறுப்பு. உறை கிழிக்கவென்று வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருப்பார். அன்றிலிருந்து கடையில் இவருக்கு ‘விசாரணை’ என்று பெயர். யாராவது டிஸ்க்கில் கை வைத்தால் போதும், “மெஷின் எப்ப வாங்குனீங்க? பெட்டி மேல என்ன படம் போட்டிருந்துச்சு?” என்று தொடங்கிவிடுவார். அந்த ஆட்டம் ஏற்கெனவே பெட்டியோடு வந்திருப்பது தெரிந்து பாதிப் பேர் வாங்காமலே போவார்கள்.

“நீ விக்க வந்தியா, விக்க விடாம தடுக்க வந்தியா?” என்பார் முதலாளி.

பெட்டியோடு ஆட்டம் வரத் தொடங்கியபின் மெஷின் நன்றாகப் போனது. தனி டிஸ்க் தூசி பிடித்தது. துடைக்கிறவளுக்குத் தெரியாதா? அலமாரியை எடுத்துவிட்டுச் செல்போன் உறை மாட்டப்போவதாக முதலாளி சொன்னார். அலமாரி போனால் இவர் வேலையும் போச்சு.

“கொஞ்சம் பொறுங்க முதலாளி. ஓசியில வந்ததை ஆடி ருசி கண்டவன், ரெண்டாம் பாகத்துக்கு நம்மகிட்டதான் வருவான்.”

“வரட்டும்ப்பா. அதுவரைக்கும் வாடகை அவன் குடுப்பானா?”

சொன்னபடி சிலர் வந்தார்கள். இல்லையென்று சொல்லக் கூடாது. ஆனால் அலமாரியைக் காப்பாற்றும் அளவுக்கு வரவில்லை.

அலமாரியைக் கழற்றிய அன்று, மீந்த டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியில் அடுக்கி ஒட்டினார். நான் மனசுக்குள் அவருக்காக வேண்டிக்கொண்டு நின்றேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, ஒட்டியதைப் பிரித்து ஒன்றை உருவினார். முதலாளியிடம் தூக்கிக் காட்டி, அவர் தலையாட்டியதும் என் கையில் வைத்தார்.

“அக்கா, ஒரு பஸ் டிரைவர் வருவாரு. பகல் பூரா பஸ் ஓட்டிட்டு வீட்டுக்குப் போயும் பெட்டியோட வந்த ஆட்டத்துல கார் ஓட்டுறாரு மனுஷன். இப்ப கடைசி ரேஸ்ல நிக்கிறாரு. ஜெயிச்சதும் ரெண்டாம் பாகம் கேட்டு இங்கதான் ஓடி வருவாரு. இல்லேன்னு சொல்லி அனுப்பிடாதீங்க.”