ஒன்றும் கீறாத தாள்

புனிதவதி காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்தி, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகுதான் லண்டனில் எனக்குக் கிடைத்தது. போர்க்காலம்; யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுக்க முடியாது. கொழும்பிலிருந்து அவருடைய தங்கை சொன்னார். அவருக்கு அனுப்பவென்று எடுத்த படங்கள் அப்போது என் மேசையில் கிடந்தன.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழக வளாகத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். மின்சாரம் நின்றதும் நுணுக்குக்காட்டியை யன்னலடிக்குத் தூக்கிப்போய், அதன் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினார். பனை முளையின் வேருக்குள் நீரேற்றும் இரண்டு குழாய்கள் ஒன்றுசேருகின்றனவா, விலகிப் போகின்றனவா என்பதே அவருடைய கேள்வி. வேரை மெல்லிய கூறுகளாகச் சீவி, ஒவ்வொன்றிலும் கண்டதை, கழுவி வெளிறவைத்த பழைய எக்ஸ்ரே தாள்களில் கோட்டுப்படமாகக் கீறுவோம். தாள்களை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் வேர் முழு உருவமாகத் தெரியும்.

குழாய்கள் சேரவேண்டிய இடத்துக் கூறு கிழிந்துபோனது.

"மேலையும் கீழையும் தெரியுதுதானே. நடுவிலை சேத்துக் கீறிவிடும்," என்றேன்.

"காணாததை எப்பிடியப்பா கீறுறது? நீர் கண்டனீரோ?"

"இல்லை."

"அப்ப சும்மா இரும்."

அந்த இடத்தில் வெறுந்தாள் ஒன்றை வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.

நான் லண்டனுக்குப் புறப்பட்டபோது அந்தத் தாளைத்தான் தந்தார். "அங்கை வெட்டாமலே உள்ளுக்குப் பாக்கிற மெசின் வந்திருக்காம். பாத்துச் சொல்லும். நான் இருப்பன்."

பார்த்தேன். ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த பனங்கொட்டையை முளைக்கவைத்து, அதன் மெல்லிய வேரைக் கொன்போகல் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். லேசர் ஒளி ஆழம் ஆழமாக இறங்க, ஒவ்வொரு தளத்தையும் கணினி படமெடுத்து அடுக்கியது. எங்கள் எக்ஸ்ரே தாள் அடுக்கேதான், கத்தி மட்டும் படவில்லை. திரையில் வேர் மெல்லத் திரும்ப, இரண்டு குழாய்களும் சேர்வது தெரிந்தது. "புனிதா, சேருது!" என்று ஆளில்லாத அறையில் கத்தினேன். மேசையில் கிடந்தவை அந்தப் படங்கள்தாம்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். "சந்தோசம். ஆனா உது வேறை வேர். எங்கடை வேரிலை இன்னும் காணேல்லை." அந்தப் பதிலைக் கேட்க ஏங்கிக் கிடக்கிறேன்.

அவருடைய தாள் என்னிடம் இருக்கிறது. விடை தெரிந்த பிறகும் அதில் நான் ஒன்றும் கீறவில்லை.