மிச்சம் முப்பத்தொரு மணித்தியாலம்

இது நடந்தது. இதில் நான் சொன்ன பொய்கள் இரண்டு. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் உண்மை.

என் பெயர் மயூரதன். குருநகரில் சின்னக் கடை. கடலுக்குப் போகிறவர்கள் இருட்டில் படகு தெரிவதற்காகக் கட்டுகிற மினுக்கு லைற் செய்து விற்கிறேன். எத்தனை மணித்தியாலம் எரியும் என்பது சுலபமான கணக்கு. பற்றரியின் உறையில் 2000 என்று போட்டிருக்கும். லைற் மணிக்கு 40 இழுக்கும். வகுத்தால் ஐம்பது. ஆனால் மலிவுப் பற்றரியின் உறையை நம்பக் கூடாது. பாதிக்கும் கீழேதான் சொல்ல வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

லைற் வாங்க வந்த சிமியோன் அண்ணை கேட்டார். "எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அம்பது மணித்தியாலம். யோசிக்காமல் கொண்டுபோங்கோ."

பக்கத்துக் கடைக்காரன் நாற்பது என்று சொல்லியிருந்தான். அதற்காகத்தான். வேறு ஒன்றுக்குமில்லை.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு லைற்றைப் போட்டுக்கொண்டு அவரும் மருமகன் கிறிஸ்ரியும் கடலுக்குப் போனார்கள். இஞ்சின் நின்றுவிட்டது. படகு இழுபட்டுப் போனது. புதன் இரவு தேடப் போனவர்களுக்கு ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. வெள்ளி காலை படகு கிடைத்தது. உள்ளே கிறிஸ்ரி மட்டும் மயங்கிக் கிடந்தான். சிமியோன் அண்ணை இல்லை. இன்றுவரை இல்லை.

சனி காலை அவருடைய மனைவி மார்கிரட் அக்கா கடைக்கு வந்தார். அந்த லைற்றை மேசையில் வைத்தார்.

"இது அணைஞ்சு கிடந்ததாம். ஏன் தம்பி?"

"தண்ணி உள்ளுக்குப் போயிருக்கும், அக்கா."

இரண்டாவது பொய் அது.

அவர் போனதும் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பற்றரியைக் கழற்றி மீற்றரில் பார்த்தேன். செத்துப் போயிருந்தது. மேசை லாச்சிக்குள் எறிந்தேன்.

நேரம் 10.10.

டிக்...

அந்த லைற்றுக்குச் சத்தமே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். பற்றரி இல்லாத லைற் மினுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும் என்று நினைத்தேன். பத்து விநாடி. ஒரு நிமிடம். ஒரு மணித்தியாலம்...

வெளியே நல்ல வெயில். தெருவில் மீன் விற்கிற சத்தம்.

வயரை வெட்டினேன்.

டிக்...

லைற்றின் கீழே மேசை நனைந்திருந்தது. துடைத்தேன். மறுபடி நனைந்தது. விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பூட்டிவிட்டு ஓடினேன். ஞாயிறு பின்னேரம்தான் திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

டிக்... டிக்...

5.10க்கு அணைந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிறிஸ்ரியைப் பார்க்கப் போனேன்.

"லைற் எப்ப அணைஞ்சது?"

"புதன் மத்தியானம், சரியா ஒரு மணி. பகலிலை பற்றரியைக் கழட்டி வைப்பம் எண்டனான், அண்ணை. மாமா விடேல்லை. அம்பது எண்டால் அம்பதாம்."

செவ்வாய் ஆறு மணியிலிருந்து பத்தொன்பது மணித்தியாலம். என் மேசையில் முப்பத்தொன்று. கூட்டிப் பார்த்தேன். சரியாக ஐம்பது.

"இரவு தேடின போட் கிட்டவாத்தான் போச்சுது. கத்தினம். கேக்கேல்லை. மாமா நீந்திப் போய் மறிக்கிறன் எண்டு குதிச்சிட்டார்."

அவன் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினான்.

"குதிக்க முதல் லைற்றைத் தட்டித் தட்டிப் பாத்தவர், அண்ணை."

"என்ன சொன்னவர்?"

"மிச்ச மணித்தியாலத்தை மயூரதனிட்டைப் போய் வாங்கிறன் எண்டவர்."