ஏச்சில் படித்த இங்கிலிசு

என் தாய்மாமாவின் இங்கிலிசைக் கேட்டு நான் வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மாமா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்குப் பன்னிரண்டு வருடம் சமைத்துப் போட்டவர். துரை ஸ்கொட்லாந்துக்காரர். இங்கிலிசு சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. ஏசுவதற்குத் தாராளமாக இருந்தது. இறைச்சி அவிந்தது குறைந்தால் ஏச்சு, கூடினால் ஏச்சு, தேத்தண்ணி ஆறினால் ஏச்சு. காதில் விழுந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து மாமா ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். ‘ஓம்’ என்பதற்கு ஊரெல்லாம் ‘யெஸ்’ என்றால் மாமா ‘அய்’ என்பார். சின்னது எதுவும் அவருக்கு ‘வீ’. ரகரம் வந்தால் கிறவல் ரோட்டில் வண்டில் போவது போல உருளும்.

எங்கள் பள்ளி வாத்தியார் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டார். “உன்ர மாமா பேசுறது குசினி இங்கிலிசடா,” என்று அடுத்த நாள் வகுப்பில் வைத்துச் சொன்னார். வாத்தியார் யாழ்ப்பாணத்தவர். ‘பிறகு’ என்பதற்கு மட்டக்களப்பாரான நாங்கள் ‘மறுகா’ என்றாலே சிரிப்பார். அவருடைய இங்கிலிசு, அரசாங்கக் கச்சேரிப் பெரிய துரை பேசுவதைப் போலவே, உதடு அசையாமல் மூக்கு வழியாக வரும். அதுதான் சரியான இங்கிலிசு, சீமையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நம்பினேன்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. எனக்குப் பத்து வயது. கல்லடியில் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார் வாவியில் நின்ற தோணிகளைப் பிடித்துக்கொண்டு போனபோது அப்பாவின் தோணியும் போயிற்று. எங்கள் நெல்லோ அக்கரையில், படுவான்கரை வயல் வட்டையில், சூடடித்துக் குவித்தபடி கிடந்தது. மேலே மூடியிருந்தது வைக்கோல் மட்டும். மாரி மழை இன்றோ நாளையோ என்று நின்றது. ஒரு மழை அடித்தால் குவியல் முளைத்துவிடும். வருடம் முழுவதற்கும் எங்களுக்கு அதுதான் சோறு.

“இங்கிலிசு படிக்கிறவன் நீதானே மனே. நீ போய்க் கேளு,” என்றார் அப்பா.

வாத்தியார் மூன்று வசனம் எழுதித் தந்து, மூக்கால் சொல்லவும் பழக்கினார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறந்துபோனால் என்ன செய்வது? அதைவிட, தடிமன் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

மாமாவும் எங்களோடு வந்தார். கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது, “மாமா, அங்க நீங்க ஒண்டும் பறையாதீங்க,” என்று கெஞ்சினேன்.

“நான் என்னத்துக்கு மருமோன் பறையப் போறன்,” என்றார் மாமா. அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

முகாமில் ஒரு சார்ஜன் மேசை போட்டு இருந்தார். பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் துவக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் வசனத்தை மூக்கால் விட்டேன். சார்ஜன் விசுக்கென்று எழும்பி விறைத்து நின்றார். பெரிய அதிகாரி யாரோ வந்துவிட்டார் என்று நினைத்திருப்பார். பிறகு குனிந்து பார்த்தார். சாரம் கட்டிய ஒரு பொடியன். சிப்பாய்கள் இருவரும் சிரித்தார்கள். சார்ஜனின் முகம் இறுகிப்போனது. இரண்டாம் வசனத்தையும் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. முதல் இரண்டிலும் வணக்கமும் மரியாதையும்தான் இருந்தன. தோணி என்ற சொல்லே மூன்றாவதில்தான் இருந்தது.

சார்ஜன் ஏதோ சொன்னார். வாத்தியாரின் இங்கிலிசு மாதிரி அது இல்லை. எனக்கு அது இங்கிலிசாகவே படவில்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். “அய்,” என்று தொடங்கி, தோணியையும் நெல்லையும் மழையையும் உருட்டி உருட்டிச் சொன்னார். சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சார்ஜன் முகம் இரத்தமாகச் சிவக்க மேசையைச் சுற்றி வந்து மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

காரணத்தை மாமா பிறகு சொன்னார்: “அவனும் எங்கட துரையிட ஊர்ப் பக்கத்தான் மருமோன். அவன்ட பேச்சை மத்தவனுகள் நாள் முழுக்கப் பழிச்சுக் காட்டுறானுகள். நானும் சேந்து பழிக்கிறன் எண்டு நினைச்சிட்டான். வெள்ளைக்காரன்ட நாட்டிலயும் ஒரு யாழ்ப்பாணம், ஒரு மட்டக்களப்பு இருக்கு.”

அந்த நேரத்தில் மாமாவுக்கு வேறு வழி தெரியவில்லை. இது தனக்கு ஏசித் தந்த பேச்சு என்று காட்ட, துரை ஏசிய ஏச்சையெல்லாம் துரையின் குரலிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாலாவதோ ஐந்தாவதோ ஏச்சில் சார்ஜனின் பிடி தளர்ந்தது. மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். மாமா, “அய்,” என்றார்.

சார்ஜன் சிப்பாய்களை வெளியே அனுப்பினார். தோணியை விடச் சொல்லிச் சீட்டு எழுதி அப்பாவிடம் நீட்டினார்.

அந்த வருடம் நாங்கள் தின்றது மாமா வாங்கிய ஏச்சின் சோறு. அடுத்த வருடமே நான் பள்ளியை விட்டு நின்றுவிட்டேன். அன்று பாலத்தில் அவருடைய வாயை மூடச் சொன்னதை மாமா ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சீட்டுக் கைக்கு வந்தும் நாங்கள் உடனே புறப்படவில்லை. சார்ஜன் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு மாமாவை இருக்கச் சொன்னார்.

“என்னவாம் மச்சான்?” என்றார் அப்பா, பயந்துபோய்.

“தேத்தண்ணி ஆறினதுக்கு ஏசுறதை இன்னொருக்கா ஏசட்டாம். அவன்ட அப்பனும் அப்பிடித்தான் ஏசுவாராம்.”

மாமா ஏசினார். சார்ஜன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இன்னொருமுறை என்று விரலைக் காட்டினார். மாமா திரும்பவும் ஏசினார். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சீட்டைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா எழும்பவில்லை. ஏச்சுக் கேட்க இப்படி ஆசைப்படும் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. பாவம், யுத்தத்தில் மூளை பிசகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.